மூக்கில் முளைத்த சிறுநீரகம்

என் இடது மூக்குக்குள் வளர்ந்தது மூக்கின் சதை இல்லை, சிறுநீரகத்தின் சதை. இதைச் சொன்னால் எங்கள் ஊரில் பாதிப் பேர் எனக்கு இன்னும் மயக்க மருந்து தெளியவில்லை என்று நினைக்கிறார்கள். மீதிப் பேர் என் மூக்கோரத் தழும்பை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "என்னமோ போங்க" என்று நகர்ந்துவிடுகிறார்கள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். யாரையும் பயமுறுத்துவதற்காக இல்லை. நடந்ததை நினைத்தால் எனக்கே இன்றைக்கும் வாய் பிளந்துபோகிறது. அதை எனக்குள்ளேயே வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை.

காரமடைக்கு மேற்கே எங்களுக்கு மூன்று ஏக்கர், கிணற்றுப் பாசனம். பீட்ரூட் போட்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்புவோம். வீட்டில் நானும் என் மனைவி ருக்குமணியும்தான். எனக்கு முன்கோபம் அதிகம். சாப்பாட்டில் உப்பு கூடினால் கத்துவேன், மோட்டார் ரூம் சாவி ஆணியில் இல்லாவிட்டால் கத்துவேன், கரண்ட் போனால் அதற்கும் அவளிடம்தான் கத்துவேன். கத்தி முடித்த நிமிஷம் மறந்துவிடுவேன். அவளும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "முடிஞ்சுதுங்களா? சாப்பிட வாங்க" என்பாள். இருபத்திரண்டு வருஷம் இப்படித்தான் ஓடியது.

மூக்கில் தெரிவதற்கு ஒரு வருஷம் முன்னால் நடந்ததை முதலில் சொல்ல வேண்டும். கிழங்கு வெட்டும் சமயம். மண்டிக்காரர்கள் கோலிக்குண்டு மாதிரி சின்னக் கிழங்கை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதெல்லாம் வீட்டுக்கு வரும். காலையில் பீட்ரூட் பொரியல், மதியம் பீட்ரூட் சாம்பார், ராத்திரி மீந்த பொரியல். அந்த வாரத்தில் மூன்று நாள் எனக்கு ஒன்றுக்குச் சிவப்பாகப் போனது. வலி இல்லை, எரிச்சல் இல்லை. கொஞ்சம் பயந்துபோய் ருக்குமணியிடம் சொன்னேன்.

"பீட்ரூட் தின்னா அப்படித்தானுங்க போகும். எனக்குந்தான் போகுது" என்றாள் அவள்.

அவளுக்குப் போனது உண்மைதான். பீட்ரூட்டின் சாயம் சிலருக்கு அப்படியே சிறுநீரில் வந்துவிடுமாம். நான்காம் நாள் எனக்கு நின்றுவிட்டது. நின்றதும் நான் மறந்துவிட்டேன். பீட்ரூட் விளைவிக்கிறவன் வீட்டில் சிவப்பைப் பார்த்து யார்தான் டாக்டரிடம் ஓடுவார்கள்?

அடுத்த வருஷம் மண்டியில் மூட்டை இறக்கிக்கொண்டிருக்கும்போது இடது மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. சொட்டவில்லை, கொட்டியது. சட்டை நனைந்து வேட்டிக்கு இறங்கிவிட்டது. மண்டிக்கார பாய் என்னை நாற்காலியில் உட்காரவைத்து, தலையில் ஈரத்துண்டைப் போட்டு, "சூடுங்க, வெறும் சூடு" என்றார். மண்டியிலிருந்த எல்லோரும் அதையே சொன்னார்கள். ருக்குமணி வாரம் இரண்டு தரம் எண்ணெய் தேய்த்துவிட்டாள், வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தாள், நானும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதுபோல் இளநீர் குடித்தேன். ரத்தம் வாரத்துக்கு ஒரு முறை வந்தது, பிறகு இரண்டு முறை. இடது பக்கம் அடைத்துக்கொண்டது. வாயைத் திறந்துகொண்டு தூங்க ஆரம்பித்தேன். உள்ளூர் டாக்டர் மூக்கில் துணியைத் திணித்து ரத்தத்தை நிறுத்திவிட்டு, "இது என் கையில நிக்காதுங்க, கோயமுத்தூர் போயிருங்க" என்றார்.

ருக்குமணியின் தம்பி சண்முகம் வேன் ஓட்டுகிறவன். அவன்தான் எங்களைக் கோயமுத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். ஆஸ்பத்திரியின் பெயர் இங்கே வேண்டாம். காத்திருக்கும் கூடத்தில் மூன்று மணி நேரம் உட்காரவைத்தார்கள். எனக்கு முன்னால் வந்தவர்களும் பின்னால் வந்தவர்களும் ஒருவர் விடாமல் என்னிடம், "என்னங்க ஆச்சு?" என்று கேட்டார்கள். மூக்கில் பஞ்சோடு எத்தனை பேருக்குத்தான் பதில் சொல்வது?

காது மூக்கு தொண்டை டாக்டர் ஒரு அம்மா. ஐம்பது வயது இருக்கும். நெற்றியில் வட்டக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உள்ளே பார்த்தார். பார்த்துவிட்டு ஸ்கேனுக்கு எழுதினார். படம் வந்ததும் எங்களை உட்காரவைத்து விளக்கினார். கன்னத்து எலும்புக்குள்ளும் மூக்கின் இரு பக்கத்திலும் காற்று நிறைந்த காலி அறைகள் இருக்கின்றன, அவற்றைத்தான் சைனஸ் என்கிறோம் என்றார். படத்தில் வலது பக்கத்து அறைகள் கறுப்பாக, காலியாக இருந்தன. இடது பக்கம் வெள்ளையாக நிரம்பிக் கிடந்தது. ஒரு கட்டி கன்னத்து அறையிலிருந்து மூக்குக்குள் எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தது.

அது என்ன சதை என்று தெரிய ஒரு துணுக்கை வெட்டி எடுக்க வேண்டும். பயாப்ஸி என்பார்கள். அரிசி அளவுதான் வெட்டினார். அவ்வளவுதான், மடை திறந்த மாதிரி ரத்தம் வந்தது. அந்த அம்மா எழுந்து நின்று, தன் உடம்புப் பாரத்தை எல்லாம் கையில் ஏற்றி, அரை மணி நேரம் என் மூக்கில் துணியை அழுத்திப் பிடித்திருந்தார். வெள்ளைக் கோட்டு முழுக்க என் ரத்தம். நின்றபிறகு கை கழுவிக்கொண்டே, "மூக்குல வர்ற கட்டி இப்படிக் கொட்டாதுங்களே" என்று தனக்குள் பேசுவதுபோலச் சொன்னார். ஒரு டாக்டர் யோசிப்பதை அன்றுதான் அவ்வளவு பக்கத்தில் பார்த்தேன்.

ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டு, "உங்க கிட்னியை ஸ்கேன் பண்ணணுங்க" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏனுங்க டாக்டரம்மா, எனக்குச் சீக்கு மூக்குலீங்க. ரிப்போர்ட்டு மாறிப்போச்சுங்களா?"

"மாறலைங்க. நானும் அதேதான் சந்தேகப்பட்டுக் கேட்டேன். வேணும்னா நீங்களே போய் அந்தத் துணுக்கைப் பாத்த டாக்டரைக் கேளுங்க" என்று சொல்லிச் சிரித்தார்.

விளையாட்டுக்குச் சொன்னாரோ என்னவோ, நான் நிஜமாகவே போய்விட்டேன். பின்கட்டில் ஒரு சின்ன அறை. கண்ணாடி போட்ட ஒல்லியான மனிதர் ஒருவர் மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்தார். சதைத் துணுக்குகளைப் பார்த்து நோய் சொல்லும் டாக்டர் அவர். வாழ்நாளில் நோயாளி யாரும் அவரைத் தேடிப்போயிருக்க மாட்டார்கள் போலிருக்கிறது, என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். நான் கொண்டுவந்த கோபம் அதிலேயே பாதி இறங்கிவிட்டது.

ஒரு கண்ணாடித் துண்டைத் தேடி எடுத்துப் பொருத்தி, "பாருங்க" என்றார். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். சோப்பு நுரையை நசுக்கிப் பரப்பியதுபோல் வட்டம் வட்டமாக, உள்ளே ஒன்றுமில்லாமல் தெளிவாக இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு கறுப்புப் புள்ளி. நடுநடுவே மெல்லிய கோடுகள்.

"அந்த வட்டம் ஒவ்வொண்ணும் ஒரு செல்லுங்க. அதுக்குள்ள கொழுப்பும் சர்க்கரையும் இருந்துச்சு. நாங்க மருந்துல போட்டுக் கழுவறப்ப கரைஞ்சு போயிருது, அதான் காலியாத் தெரியுது. நடுவுல இருக்கற கோடெல்லாம் ரத்தக் குழாய். அதனாலதான் தொட்டதும் கொட்டுச்சு. மூக்குல இந்தச் சாதி செல்லே கிடையாதுங்க. இது கிட்னியோடது. அங்கிருந்து வந்திருக்கு."

"வந்து இத்தனை நாளாச்சு, இன்னுமா கிட்னி மாதிரியே இருக்குது?"

"எங்க போய்க் குடியேறினாலும் பொறந்த எடத்துச் சாயலை அது விடறதில்லீங்க. அதை வச்சுத்தான் நாங்க கண்டுபிடிக்கறோம்" என்றார்.

நான் மறுபடி குனிந்து பார்த்தேன். பயப்பட வேண்டிய நேரம் அது. ஆனால் அந்த நிமிஷத்தில் பயம் வரவில்லை. என் முகத்திலிருந்து எடுத்த அரிசியளவு சதையைப் பார்த்து, என் முகத்தையே பார்க்காத ஒரு மனிதர், என் இடுப்புக்குள் என்ன இருக்கிறது என்று சொல்கிறார். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். பயம் மாடிப்படி ஏறும்போதுதான் வந்தது. பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

வயிற்றில் ஜில்லென்று பசையைத் தடவி ஸ்கேன் பார்த்தார்கள். இடது சிறுநீரகத்தில் கட்டி இருந்தது, ஒரு பெரிய சாத்துக்குடி அளவுக்கு. ஒரு நாள்கூட அது வலித்ததில்லை.

அந்தக் கட்டிக்கு ஒரு அறுவை டாக்டர். உயரமானவர், குறைவாகப் பேசுகிறவர். நானும் ருக்குமணியும் எதிரில் உட்கார்ந்திருந்தோம். அவர் எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டே வந்து, "சிறுநீர்ல ரத்தம் போயிருக்குங்களா, எப்பவாவது?" என்றார்.

எனக்கு அப்போதுதான் அந்த மூன்று நாள் ஞாபகம் வந்தது. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பக்கத்தில் பார்த்தேன். ருக்குமணி ஸ்கேன் உறையை மடியில் வைத்துக்கொண்டு டாக்டரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் ஒரு கன்றுக்குட்டி கயிறு சுற்றிச் செத்தபோது, கயிற்றை நீளமாக விட்டது தான்தான் என்று ஒரு வருஷம் தயிரைத் தொடாதவள் அவள். இதைக் கேட்டால் என்ன ஆவாள்?

"இல்லீங்க" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். ருக்குமணி டாக்டரைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவளுக்கு ஞாபகமே இல்லை என்று நினைத்துக்கொண்டேன். அப்படியே இருக்கட்டும், டாக்டரைத் தனியாகப் பார்த்துச் சொல்லிவிடலாம், அவளுக்கு மட்டும் தெரியவே கூடாது என்று முடிவு செய்தேன். ஆனால் தனியாக விட்டால்தானே. ஆஸ்பத்திரியில் இருந்த அத்தனை நாளும் அவள் என் கட்டிலைவிட்டு நகரவில்லை. குளிக்கப் போனால்கூட சண்முகத்தை உட்காரவைத்துவிட்டுத்தான் போவாள்.

கட்டி எப்படி இடுப்பிலிருந்து மூக்குக்கு வந்தது என்று அறுவை டாக்டரைக் கேட்டேன். முதுகெலும்பை ஒட்டி மண்டைவரைக்கும் ரத்தக் குழாய்கள் ஏறுகின்றன, அவற்றில் வால்வு கிடையாது, இருமினாலோ பாரம் தூக்கினாலோ ரத்தம் இரண்டு பக்கமும் ஓடும், அதில் ஒரு செல் மிதந்து ஏறியிருக்கலாம் என்றார். எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. கிணற்றுக் குழாயின் அடியில் தண்ணீரைத் திரும்பவிடாத ஃபுட் வால்வு போனால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று எனக்குத் தெரியாதா. என் முதுகுக்குள் அப்படி ஒரு குழாய் ஐம்பது வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது தெரியாமல், நான் மூட்டை தூக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பிறகு அவர் பேனாவை மூடிவைத்துவிட்டுச் சொன்னது இது. சிறுநீரகத்தில் ஒன்று, மூக்கில் ஒன்று, வேறெங்கும் இல்லை என்றால் இரண்டையும் எடுத்துவிடலாம், பிழைக்க வழி உண்டு. நெஞ்சிலோ எலும்பிலோ ஈரலிலோ இன்னொன்று தெரிந்தால் அறுப்பதில் அர்த்தமில்லை, வீட்டுக்குப் போய்விடலாம்.

"வீட்டுக்குன்னா?" என்றாள் ருக்குமணி.

"வீட்டுக்குத்தாம்மா" என்றார்.

நான்கு நாள் ஒவ்வொரு இடமாகத் தேடினார்கள். நெஞ்சு, முதுகு, தொடை, மண்டை என்று படம் எடுத்தார்கள். ஒவ்வொரு படத்துக்கும் மூச்சைப் பிடி, விடு என்றார்கள். நான் விட்டேன், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ருக்குமணி விடவில்லை என்று சண்முகம் சொன்னான்.

அதில் ஒரு பரிசோதனையை மறக்க முடியாது. முந்தின நாள் பேதி மருந்து கொடுத்துக் குடலைக் காலி செய்துவிட்டார்கள். காலையில் படுக்கவைத்துக் கை நரம்பில் ஒரு மருந்தை ஏற்றினார்கள். உடம்பெல்லாம் சூடு பரவியது, நாக்கில் இரும்பு ருசி. சிறுநீரகம் அந்த மருந்தை வடிகட்டி வெளியே தள்ளும், எக்ஸ்ரேயில் அது வெள்ளையாகத் தெரியும், அதை வைத்து எந்தச் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடலாமாம். ஒன்றை எடுக்கப்போகிறார்கள் என்றால் மற்றது உழைக்கிறதா என்று பார்க்க வேண்டும் அல்லவா.

படங்களை வரிசையாக விளக்குப் பலகையில் மாட்டினார்கள். ஐந்து நிமிஷத்துப் படத்தில் வலது பக்கம் வெள்ளையாக ஒரு பூ விரிந்திருந்தது. பத்து நிமிஷத்துப் படத்தில் அதிலிருந்து நூல்போல் ஒரு கோடு இறங்கியிருந்தது. பதினைந்தில் கீழே சிறுநீர்ப் பை நிரம்ப ஆரம்பித்துவிட்டது. நான் ஒரு நாளும் அதை ஏவியதில்லை, அதற்கு நன்றி சொன்னதில்லை, அது அங்கே இருக்கிறது என்றே நினைத்ததில்லை. அது பாட்டுக்கு வாய்க்கால் வெட்டித் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. படம் எடுத்த பையன், "வலிக்குதுங்களா?" என்றான். இல்லை என்று தலையாட்டினேன்.

ஐந்தாம் நாள் அறுவை டாக்டர் வார்டுக்கே வந்தார். "வேற எங்கேயும் இல்லை" என்றார், அவ்வளவுதான். ருக்குமணி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

முதலில் சிறுநீரகம். தள்ளுவண்டியில் படுக்கவைத்து உள்ளே கொண்டுபோனார்கள். கதவு மூடியதும் எனக்கு ஒரு நிம்மதி, இப்போது டாக்டரிடம் தனியாகச் சொல்லிவிடலாம் என்று. ஆனால் உள்ளே மயக்க டாக்டர்தான் இருந்தார். "ஒரு முக்கியமான விசயம் சொல்லோணுங்க" என்றேன். "எந்திரிச்சுச் சொல்லலாமுங்க" என்றார் அவர். "பீட்ரூட்டு" என்று ஆரம்பித்தது ஞாபகம் இருக்கிறது. அதற்குமேல் ஒன்றுமில்லை.

கண் விழித்தபோது ருக்குமணி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்டி எடுத்ததை ஒரு தட்டத்தில் வைத்துச் சொந்தக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டுவது அங்கே வழக்கம். சண்முகம் மாட்டேன் என்று ஓடிவிட்டான். இவள் போய்ப் பார்த்திருக்கிறாள்.

"எப்படி இருந்துச்சு?" என்றேன், நாக்கு புரளாமல்.

"பேசன்ல வச்சிருந்தாங்க. மஞ்சமஞ்சளா, நடுவுல செவப்பா. இத்தனை பெருசுங்க." இரண்டு கையாலும் காட்டினாள். "உங்களுக்குள்ள இருந்ததை நான் பாத்துப்போட்டேன். நீங்க பாக்கல."

அவள் முகம் வெளுத்திருந்தது. அதைப் பார்த்த அதிர்ச்சி என்றுதான் நினைத்தேன். அன்று மட்டுமில்லை, பிறகும் நாள்கணக்கில் அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

மூன்று வாரம் கழித்து மூக்கு. மூக்கு டாக்டர் அம்மா முதல்முறை பட்ட பாட்டை மறக்கவில்லை. ரத்தம் கொட்டாமல் இருக்க முதலில் கழுத்தில் மூக்குக்குப் போகும் ஒரு ரத்தக் குழாயைக் கட்டிவிட்டு, பிறகு மூக்கோரம் கீறித் திறந்து எடுப்பதாகச் சொன்னார். அப்படியும் ரத்தம் கையிருப்பு வேண்டும். சண்முகம் மண்டியில் சொல்லியிருக்கிறான். மறுநாள் காலையில் மண்டிக்கார பாய் ஒரு டெம்போவில் சுமை தூக்கும் ஆட்கள் ஆறு பேரை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். நூறு கிலோ மூட்டையை முதுகில் போட்டுக்கொண்டு ஓடுகிற ஒருவர் ஊசியைப் பார்த்ததும் மயங்கி விழுந்தார். எழுப்பி உட்காரவைத்ததும், "எடுத்துக்கோங்க, நான் அந்தப் பக்கம் பாத்துக்கறேன்" என்றாராம். எனக்கு யாருடைய ரத்தம் ஏறியது என்று தெரியாது. இன்றும் மண்டிக்குப் போனால் ஆறு பேரையும் கும்பிடுகிறேன்.

மூக்கின் இரண்டு பக்கமும் அடைத்திருந்த துணியை ஐந்தாம் நாள் உருவினார்கள். மந்திரவாதி வாயிலிருந்து ரிப்பன் எடுப்பதுபோல் வந்துகொண்டே இருந்தது. முடிந்ததும் வலது மூக்கில் காற்று நுழைந்தது, அதோடு வாசனையும் நுழைந்தது. ஃபினாயில் வாசனைதான். அதை நான் அவ்வளவு ஆசையாக இழுத்ததைப் பார்த்து நர்ஸ் சிரித்தார். இடது பக்கம் இனி வாசனை தெரியாது என்றார்கள். ஒரு பக்கம் போதும்.

அப்புறம் மீந்திருக்கும் செல்லைக் கருக்க ஐந்து வாரம் கோபால்ட் கதிர். ஒரு பெரிய இயந்திரத்தின் கீழே படுக்கவைத்து, எல்லோரும் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். வலிக்காது, சுடாது, வெளிச்சம்கூடத் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றால் வந்த நோய்க்குக் கண்ணுக்குத் தெரியாத ஒன்றால் வைத்தியம். வாய் வறண்டு, கன்னம் கறுத்து, தினமும் ருக்குமணியோடு பஸ்ஸில் போய்வந்தேன். போகும்போதும் வரும்போதும் அவள் கண்ணை மூடமாட்டாள், நான் சரிந்துவிடுவேனோ என்று என் தோளைப் பிடித்தபடியே வருவாள்.

வீட்டுக்கு வந்தோம். அடுத்த பட்டத்துக்கு விதை வாங்கப் போகும்போது அவள், "இனிமே பீட்ரூட் வேண்டாமுங்க, கறிவேப்பிலை வச்சிரலாம்" என்றாள். ஏன் என்று கேட்காமல் சரி என்றேன். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. பீட்ரூட் கண்ணில் படாமல் இருந்தால் அவளுக்கு ஒருநாளும் அந்த ஞாபகம் வராது என்று கணக்குப் போட்டேன். அவளோடு கோபமாகப் பேசுவதையும் விட்டுவிட்டேன். கோபத்தில் வாய் தவறி, "உன்னாலதான்" என்று வந்துவிட்டால் என்ன செய்வது? அந்தப் பயத்தில் உப்பு கூடினாலும் விழுங்கினேன், சாவி காணாமல் போனால் நானே தேடினேன். ஊரில் எல்லோரும், சாவைப் பார்த்துவிட்டு வந்தவன், குணம் மாறிவிட்டது என்றார்கள்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனை. ஒவ்வொரு முறையும் படம், ரத்தம், "ஒண்ணுமில்லைங்க, போயிட்டு வாங்க." மூன்றாவது வருஷம் முடிந்து போனபோது, புதிதாகச் சேர்ந்த டாக்டர் ஒருவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டார்.

"ஆபரேசனுக்கு முன்னால சிறுநீர்ல ரத்தம் போயிருக்குங்களா?"

"இல்லீங்க" என்றேன். சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது.

அவர் பழைய ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தவர், ஒரு தாளில் நின்றார். "இங்க வேற மாதிரி எழுதியிருக்குங்களே. ஆபரேசன் அன்னைக்கு எழுதினது. ஒரு வருசம் முன்னால மூணு நாள் போயிருக்கு, பீட்ரூட்டுன்னு நெனச்சிருக்காங்க. சொன்னது மனைவின்னு போட்டிருக்கு."

நான் திரும்பிப் பார்த்தேன். ருக்குமணி டாக்டரைப் பார்த்து, "அதுல எழுதியிருக்கறதுதானுங்க சரி" என்றாள்.

டாக்டர் மூன்று வருஷமும் சுத்தமாக இருக்கிறது, இனி வருஷத்துக்கு ஒரு முறை வந்தால் போதும் என்றார். அது காதில் விழுந்தது, மனசில் ஏறவில்லை. பஸ் ஸ்டாப்புக்கு நடந்தோம்.

"எப்பச் சொன்னே?" என்றேன்.

"பேசனைக் காட்டினாங்கல்ல, அன்னைக்குத்தான். டாக்டரு அதை அறுத்துக் காமிச்சாருங்க. ஒண்ணுக்கு வந்து சேர்ற எடம் வரைக்கும் கட்டி எட்டியிருந்துச்சு. 'இவ்வளவு வந்திருந்தா ரத்தம் போயிருக்கோணுமே, இல்லீங்கறாரே'ன்னாரு. நான் சொல்லிப்போட்டேன். பீட்ரூட்டுன்னு சொன்னது நாந்தான்னுஞ் சொன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னாரு?"

"அப்பவே வந்திருந்தா மூக்கு தப்பிச்சிருக்குங்களான்னு கேட்டேன். கையுறையைக் கழட்டினாரு. அப்புறம், 'தப்பிச்சிருக்கலாம்மா'ன்னாரு."

மூன்று வருஷம். அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு மூன்று வருஷம் எனக்குச் சோறு போட்டிருக்கிறாள், தழும்புக்கு மருந்து தடவியிருக்கிறாள். நான் மறைத்துவிட்டேன் என்று பெருமையாக இருந்திருக்கிறேன்.

"என்கிட்ட ஏன் சொல்லலே?"

"எனக்காகன்னு நீங்க மறைச்சீங்க. அத்தனை பாடுபட்டு மறைச்சதை நான் எப்படிங்க கெடுக்கறது?" என்றாள். பிறகு குரல் உடைந்தது. "ஆனா என்னால ஆவுலீங்க. வந்ததுலிருந்து நீங்க என்னை ஒரு வார்த்தை கடிஞ்சு பேசல. சோத்துல கல்லுக் கெடந்தா எடுத்து ஓரமா வச்சுட்டுத் திங்கறீங்க. நீங்க சும்மா இருக்கறப்பெல்லாம், மனசுக்குள்ள என்னையத்தான் வையறீங்கன்னு எனக்குத் தோணுது. ஒருக்கா வாய் உட்டு வஞ்சுபோடுங்க. இன்னைக்கே வஞ்சுபோடுங்க."

பஸ் ஸ்டாப்பில் இருபது முப்பது பேர் இருந்தார்கள். எனக்குத் திட்ட வாய் வரவில்லை. அவள் காத்துக்கொண்டு நின்றாள்.

"ஏம்புள்ள, உனக்கு அறிவிருக்குதா?" என்று ஆரம்பித்தேன், ஒப்புக்குத்தான். ஆனால் ஆரம்பித்ததும் எங்கிருந்தோ நிஜமாகவே வந்துவிட்டது. "செவப்பாப் போகுதுன்னு நான் வந்து சொன்னனா இல்லியா? ஒரு டாக்டர்கிட்டக் காட்டிரலாம்னு உனக்குத் தோணுச்சா? எல்லாத்துக்கும் கையில ஒரு பதில் வச்சிருப்பே. எல்லாம் உனக்குத்தான் தெரியும். நான் செத்துப்போயிருந்தா என்ன புள்ள பண்ணியிருப்பே? சொல்லு, தனியாக் கெடந்து என்ன பண்ணியிருப்பே?" கண்ணிலும் வலது மூக்கிலும் தண்ணீர் வந்துவிட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெரியவர், "பொம்பளைப் புள்ளையை ரோட்டுல வச்சு எதுக்குங்க..." என்று கிட்டே வந்தார்.

"நீங்க சும்மா இருங்கண்ணா, அவரு பேசட்டும்" என்றாள் ருக்குமணி.

தலையைக் குனிந்துகொண்டு கடைசி வார்த்தை வரைக்கும் கேட்டாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"முடிஞ்சுதுங்களா?" என்றாள். "வாங்க, மேட்டுப்பாளையம் பஸ் வருது."

பஸ்ஸில் ஜன்னலோர இடத்தை எனக்கு விடாமல் அவளே உட்கார்ந்துகொண்டாள். துடியலூர் தாண்டுவதற்குள் வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டாள். தலை கம்பியில் இடித்தது. இழுத்து என் தோளில் சாய்த்துக்கொண்டேன், காரமடை வரைக்கும் அவள் எழுந்திருக்கவில்லை.